‘எக்ஸிட்’ அடித்த அடுத்த நொடி!

கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. ‘ரூட் பாஸ்வேர்டைக் கொடு, இல்லையா, கன்ட்ரோல்-டி அழுத்திவிட்டுப் போய்க்கொண்டே இரு’ என்கிற தோரணையில் ஒற்றை வரி. லினக்ஸ் கம்ப்யூட்டர் ரெஸ்க்யூ மோடில் வந்து நின்றால் பார்க்கிற பாதிப் பேருக்கு வயிற்றில் புளி கரைக்கும். எனக்கோ குஷி தாங்காது! வழக்கமாகப் படமும் ஐகானும் மூடிவைத்திருக்கும் அத்தனை சங்கதியும் அந்தக் கறுப்புத் திரையில் வெட்டவெளிச்சமாகிவிடும். அதிலும், ரிப்பேரை முடித்து ‘எக்ஸிட்’ என்று தட்டி என்டர் அடித்த அடுத்த சில நொடிகள் இருக்கிறதே! யார் போகிறார்கள், யார் பிழைக்கிறார்கள், யார் ஓசைப்படாமல் மறுபக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள் என்று உள்ளே ஒரு கூத்தே நடக்கிறது. வாருங்கள், எட்டிப் பார்த்துவிடுவோம்.

அதற்கு முன்னால் கொஞ்சம் ஊர்க்கதை. கோவில்பட்டி என்றால் தீப்பெட்டி, 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய கடலை மிட்டாய், சுற்றிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் கரிசல். ஆனால் இந்த ஊருக்குக் கம்ப்யூட்டர் புதிதல்ல. கே.ஆர். நகரில் 1984இலேயே நேஷனல் பொறியியல் கல்லூரி வந்துவிட்டது. பிறகு 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியதும், கம்பும் உளுந்தும் காய்கிற முற்றத்துக்குள்ளேயே லேப்டாப் வந்து இறங்கியது. அந்த லேப்டாப்புகளில் விண்டோஸ் பக்கத்திலேயே இன்னொன்றும் ஏற்றப்பட்டிருந்தது நினைவிருக்கிறதா? ஆன் செய்ததும் ‘எதில் போகட்டும்?’ என்று கேட்குமே, அந்த ‘பாஸ்’ லினக்ஸ்! சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007இல் வெளியிட்ட பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். அதன் அடித்தளம் டெபியன் லினக்ஸ். பெரும்பாலான பிள்ளைகள் அதைத் திறந்தே பார்க்கவில்லை. திறந்து பார்த்த சிலர்தான் இன்றைக்கு இந்தப் பக்கத்துச் சிறு ஆபீஸ்களின் சர்வர்களைக் கட்டி மேய்க்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்தது கரன்ட். 2012இல் தமிழகம் முழுக்க மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த காலத்தைக் கடந்து வந்தவர்கள் நாம். ஐப்பசி இடியும் சேர்ந்துகொண்டால் யுபிஎஸ் பேட்டரி எந்த நேரத்தில் கையை விரிக்கும் என்று சொல்ல முடியாது. டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால், மறுபடி ஆன் செய்கையில் லினக்ஸ் தன் கோப்பு முறைமையைத் தானே சரிபார்க்கும். பெரும்பாலும் சரியாகிவிடும். எப்போதாவது, ‘இது என்னால் ஆகாது, ஆள் வந்து பார்க்கட்டும்’ என்று நின்றுவிடும். இன்னொரு வழக்கமான காரணம்: பழைய இரண்டாவது டிஸ்க்கைக் கழற்றியிருப்பார்கள், டிஸ்க்குகளின் பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பில் அதன் வரி மட்டும் அப்படியே கிடக்கும். மெஷின் 90 நொடி அந்த டிஸ்க்குக்காக வாசலைப் பார்த்துக் காத்திருந்துவிட்டு, கடைசியில் எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும். அந்த வரியில் ‘நோஃபெயில்’ என்ற ஒரு சொல் சேர்த்திருந்தால் பேசாமல் தாண்டிப் போயிருக்கும்!

எமர்ஜென்சியும் ரெஸ்க்யூவும் அண்ணன் தம்பி. எமர்ஜென்சியில் வேர்க் கோப்பு முறைமையும் ஒரு ஷெல்லும் தவிர ஏறக்குறைய ஒன்றும் இருக்காது. ரெஸ்க்யூவில் உள்ளூர் டிஸ்க்குகள் மவுன்ட் ஆகியிருக்கும், அடிப்படை வேலைகள் முடிந்திருக்கும். நெட்வொர்க், லாகின் திரை, டேட்டாபேஸ் எதுவும் கிளம்பியிருக்காது. ஊர் விழிப்பதற்கு முன்னால் தெருவில் நாம் மட்டும் நிற்கிற மாதிரியான அந்த நிலையில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். நாம் செய்வதும் அதைத்தான். டிஸ்க்கைச் சரிபார்ப்போம். மறந்துபோன பாஸ்வேர்டை மாற்றுவோம். நெட் வேண்டுமென்று கையாலேயே ஒரு டிஹெச்சிபி கிளையன்டைக் கிளப்புவோம். வீட்டிலிருக்கும் நண்பர் உள்ளே வந்து பார்க்கட்டுமென்று எஸ்எஸ்ஹெச் சர்வரையும் கையாலேயே ஓட விடுவோம். எல்லாம் சரியானதும் ‘எக்ஸிட்’.

எனக்குத் தெரிந்த ஒரு சர்வீஸ் கடையில், வேலை பழகுகிற தம்பி ஒருநாள் சந்தோஷமாகச் சத்தம் போட்டான்.

“அண்ணாச்சி, எக்ஸிட் போட்டேன், மெஷின் எந்திரிச்சிருச்சு!”

அண்ணாச்சி தலையைக்கூடத் தூக்கவில்லை. “எந்திரிச்சது சரிப்பா. கூட யாரு யாரு வந்திருக்காகன்னு பாத்தியா?”

அங்கேதான் இருக்கிறது விஷயம்! எக்ஸிட் அடித்தால் மெஷின் அணைந்து ஆன் ஆவதில்லை. அதே கெர்னல், அதே மெமரி, அதே ஓட்டம். மேலே இருக்கிற நிலை மட்டும் மாறுகிறது. ரெஸ்க்யூவில் நாம் கிளப்பிவிட்டு மறந்த புராசஸ்கள், ஓடுகிற ஓட்டத்திலேயே நம்மோடு இந்தப் பக்கம் வந்துவிடுகின்றன.

இனி அந்த நொடிகளை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். இன்றைய பெரும்பாலான லினக்ஸ்களில் எண் 1 என்ற புராசஸ் சிஸ்டம்டி. மற்ற எல்லாருக்கும் மூத்தவர் அவர்தான். ரெஸ்க்யூ மோடில் நாம் உட்கார்ந்திருக்கும் ஷெல்கூட அவருடைய கணக்கில் ‘ரெஸ்க்யூ.சர்வீஸ்’ என்ற ஒரு சேவை. உள்ளே சுலாகின் என்ற சின்ன நிரல் பாஸ்வேர்ட் கேட்டு நமக்கு ஷெல்லைத் திறந்துவிட்டிருக்கும். நாம் எக்ஸிட் அடித்ததும் ஷெல் முடிகிறது, சுலாகின் முடிகிறது, அதைச் சுற்றியிருந்த இன்னொரு குட்டி நிரல் விழித்து, சிஸ்டம்டியிடம் ‘அமைப்புக் கோப்புகளையெல்லாம் ஒருமுறை திரும்பப் படியுங்கள்’ என்கிறது. நாம் எஃப்எஸ்டேப்பைத் திருத்தியிருப்போம் அல்லவா, அதற்காக! எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள் பாருங்கள். பிறகு, ‘வழக்கமான நிலைக்குப் போகலாம்’ என்கிறது. சிஸ்டம்டி இதை ‘ஐசொலேட்’ என்ற முறையில் செய்கிறது: புதிய நிலைக்குத் தேவையானவற்றைக் கிளப்பு, தேவையில்லாதவற்றை நிறுத்து.

நிறுத்துவதற்கும் ஒரு நாகரிகம் உண்டு. சாதாரணச் சேவை என்றால், அதன் கூட்டத்திலிருக்கும் அத்தனை புராசஸுக்கும் சிக்டெர்ம், அதாவது 15ஆம் எண் சிக்னல் போகும். ‘மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பு’ என்று அர்த்தம். இயல்பாக 90 நொடி அவகாசம். அதற்குள் கிளம்பாவிட்டால் 9ஆம் எண், சிக்கில். அதைத் தடுக்கவோ கேட்காத மாதிரி இருக்கவோ எந்த நிரலாலும் முடியாது.

ஆனால் ரெஸ்க்யூ.சர்வீஸ் சாதாரணச் சேவை இல்லையே! அதன் கோப்பைத் திறந்து பாருங்கள். கில்மோடு என்ற இடத்தில் ‘புராசஸ்’ என்று எழுதியிருக்கும். முதன்மைப் புராசஸை மட்டும் நிறுத்து, மற்றவர்களைத் தொடாதே என்பது அதன் பொருள். பக்கத்திலேயே இன்னொரு வரி: சிக்ஹப் சிக்னலையும் சேர்த்து அனுப்பு. ஏன் தெரியுமா? நாம் தட்டிக்கொண்டிருக்கும் பேஷ் ஷெல் சிக்டெர்மைக் காதிலேயே வாங்காது! சிக்ஹப் வந்தால்தான் ஒழுங்காக எழுந்து போகும். தொலைபேசிக் கம்பி வழியே மோடம் வைத்துப் பெரிய கணினிகளோடு பேசிய காலத்தில், எதிர்முனை இணைப்பைத் துண்டித்துவிட்டது என்று சொல்லப் பிறந்த 1ஆம் எண் சிக்னல் அது. மோடம் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. சிக்னல் இன்னும் வேலையில் இருக்கிறது. இந்த மாதிரி விஷயம் ஒன்று கண்ணில் பட்டால் போதும், அன்றைக்கு முழுக்க எனக்குச் சந்தோஷம்!

சரி, பின்னணியில் ஓடிய மற்றவர்களின் கதி? இங்கே ஷெல்லின் பழக்கமும் கெர்னலின் சட்டமும் சேர்ந்து விளையாடுகின்றன. கன்ட்ரோல்-இசட் அடித்து நிறுத்திவைத்த விஐ எடிட்டர் இருந்தால், பேஷ் முதல் எக்ஸிட்டில் எச்சரிக்கும். இரண்டாவது தடவை அடித்தால் கிளம்பிவிடும். கிளம்பும்போதே, நின்றுபோன அந்தப் புராசஸின் கதையையும் முடித்துவைக்கும். கடைசியில் ‘அண்ட்’ குறி போட்டுப் பின்னணியில் ஓடவிட்ட புராசஸ் விஷயத்தில் பேஷ் வாயே திறக்காது. ‘செக்ஜாப்ஸ்’ என்ற விருப்பத்தை நாமே இயக்கியிருந்தால்தான் சொல்லும். ஆக ஷெல் போகும், சுலாகின் போகும், பின்னணிப் புராசஸ் இருக்கும். தாய் போன புராசஸுக்கு லினக்ஸில் ‘ஆர்ஃபன்’ என்றே பெயர். அதை எண் 1 தத்தெடுத்துக்கொள்ளும். லாகின் திரை வந்ததும் அது பிடித்திருந்த டெர்மினலும் பறிபோகும். அதற்குப் பிறகு திரைக்கு எதையாவது எழுதப் போனால் பிழைதான் கிடைக்கும். ஆனாலும் உயிரோடு இருக்கும்!

சிஸ்டம்டி இதையெல்லாம் கவனிக்காமல் இல்லை. ‘சேவை நின்ற பிறகும் இன்ன எண் புராசஸ் ஓடிக்கொண்டிருக்கிறது’ என்று ஜர்னலில் எழுதி வைக்கும். அடுத்த தடவை ரெஸ்க்யூவுக்குப் போனால், ‘இந்தச் சேவையைக் கிளப்பும்போதே பழைய மிச்சம் ஒன்று கிடக்கிறது, பொருட்படுத்தாமல் போகிறேன்’ என்றும் எழுதும். பார்க்கும், எழுதும், கை வைக்காது. கரிசலில் கடைசிப் பருத்தியும் எடுத்து முடிந்ததும் காட்டில் பருத்திமார் நிற்கும். அதைப் பிடுங்கி அடுப்புக்குக் கட்டுவதா, இன்னும் கொஞ்சநாள் நிற்கட்டும் என்று விடுவதா என்பதைக் காட்டுக்காரர்தான் சொல்லவேண்டும். ஏர் பூட்டி வந்தவர் தானாக முடிவு செய்ய முடியாது. ரெஸ்க்யூ மோடில் உட்கார்ந்திருப்பவர் ரூட், மெஷினுக்கே சொந்தக்காரர். அவர் வேண்டுமென்றே ஓட விட்டதைச் சிஸ்டம்டி எந்த உரிமையில் பிடுங்கும்? இந்த மரியாதையை நான் மனதார ஆதரிக்கிறேன். ஆனால் அடுத்த விதைப்புக்கு முன்னால் மாரைப் பிடுங்குகிற பொறுப்பு நம் தலையில்தான்.

பிடுங்காவிட்டால் என்ன ஆகும்? ஒரு தீப்பெட்டி ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பண்டலுக்கு 600 பெட்டி, லேபிள் வாரியாகக் கணக்கு, எல்லாம் ஒரு பழைய மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில். டேட்டாபேஸின் பாஸ்வேர்ட் யாருக்கும் நினைவில்லை. சரி செய்ய வருபவர் ரெஸ்க்யூவுக்குப் போய், ‘ஸ்கிப் கிரான்ட் டேபிள்ஸ்’ என்ற விருப்பத்தோடு மைஎஸ்க்யூஎல்டி-சேஃப் என்ற நிரலைப் பின்னணியில் ஓட விடுகிறார். அனுமதிப் பட்டியலையே பார்க்காதே, வருகிறவர்களையெல்லாம் உள்ளே விடு என்பது அந்த விருப்பம். புதுப் பாஸ்வேர்ட் வைத்தாயிற்று. எக்ஸிட்!

இப்போது பாருங்கள் வேடிக்கையை. வழக்கமான டேட்டாபேஸ் சேவை கிளம்ப வருகிறது. அதன் தரவுக் கோப்பை ஏற்கெனவே ஒருவர் பூட்டி வைத்திருக்கிறார். ‘பூட்ட முடியவில்லை, பிழை எண் 11’ என்று மறுபடி மறுபடி முட்டிப் பார்த்துவிட்டுத் தோற்றுப்போகிறது. ஆனால் பில்லிங் திரை ஜோராக வேலை செய்கிறது! பதில் சொல்வது யார்? ரெஸ்க்யூவிலிருந்து கூடவே வந்த பழைய ஆள். அவருக்குப் பாஸ்வேர்ட் கேட்கிற பழக்கமே இல்லை. பண்டல் கணக்கு முழுக்கத் திறந்து கிடக்கிறது, ஆபீஸில் எல்லாரும் ‘சரியாகிவிட்டது’ என்று டீ குடிக்கிறார்கள். மைஎஸ்க்யூஎல் 8.0இலிருந்து இந்த விருப்பத்தைப் போட்டால் நெட்வொர்க் வழியாக வரும் இணைப்பு தானாகவே அடைபடும். பழைய பதிப்புகளில் அந்தத் தடுப்பு இல்லை.

இதன் உச்சம் இனிமேல்தான். மிச்சம் இருக்கிறது என்று கண்டுபிடித்து டேட்டாபேஸ் புராசஸை 9ஆம் எண் சிக்னலால் அடிக்கிறீர்கள். செத்தது. மூச்சு விடுவதற்குள் புதிய எண்ணோடு மறுபடி எழுந்து நிற்கிறது! மைஎஸ்க்யூஎல்டி-சேஃப் என்ற காவல்காரரின் வேலையே அதுதான்: டேட்டாபேஸ் விழுந்தால் தூக்கி நிறுத்துவது. அந்தக் காவல்காரருக்கு சிக்டெர்ம் அனுப்பினால்? பழைய பதிப்புகளின் மூலநிரலில் 1, 2, 3, 15 ஆகிய சிக்னல்களைக் காதில் வாங்காதே என்று ஒரு வரி உண்டு. யாரும் நம்மைக் கொல்ல விடக்கூடாது என்று பக்கத்திலேயே குறிப்பும் எழுதியிருப்பார்கள்! அடித்து விரட்டுவதை விட, மைஎஸ்க்யூஎல்அட்மின் வழியாக ‘ஷட்டவுன்’ சொல்லிவிடுவதுதான் முறை. ஒழுங்காக மூடச் சொன்னால் காவல்காரரும் கூடவே கிளம்பிவிடுவார், தரவுக்கும் சேதமில்லை.

கையால் கிளப்பிய எஸ்எஸ்ஹெச்சும் இதே ரகம். 22ஆம் போர்ட்டைப் பிடித்துக்கொண்டு அது இருக்கும்; முறையான சேவை ‘முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில்’ என்று திரும்பிப் போகும். நீங்கள் அமைப்புக் கோப்பை எத்தனை முறை மாற்றினாலும் பதில் சொல்லும் பழைய ஆளுக்கு அது தெரியாது. டிஹெச்சிபி கிளையன்டை விட்டுவிட்டு வந்தால், நெட்வொர்க் மேனேஜரோடு சேர்ந்து ஒரே கார்டுக்கு இரண்டு பேர் முகவரி வாங்கப் போவார்கள். இவை தலைவலியோடு போய்விடும். டேட்டாபேஸ் கதைதான் எனக்கு உண்மையிலேயே பயம் தருவது.

முன்பெல்லாம் இந்த மிச்சங்களைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. சிஸ்டம்டிக்கு முன்னால் எண் 1ஆக இருந்த சிஸ்டம்-ஃபைவ் காலத்து இனிட்டில் சேவைகள் தங்கள் எண்ணை ஒரு கோப்பில் எழுதிவைத்துவிட்டுப் போகும். எழுதாதவர் யாருடைய பிள்ளை என்று சொல்ல ஆளில்லை. இரண்டு முறை ஃபோர்க் செய்துகொண்டால், அதாவது பிள்ளைப் புராசஸைப் பிறப்பித்துக்கொண்டால், எந்தப் புராசஸும் தன் தாயிடமிருந்து கழன்றுகொள்ளலாம். இதை மாற்றியது சிகுரூப் என்ற கெர்னல் வசதி. கூகுளில் பால் மெனேஜும் ரோஹித் சேத்தும் 2006இல் தொடங்கிய வேலை. 2008 ஜனவரியில் 2.6.24 கெர்னலோடு வெளிவந்தது. புராசஸ் எத்தனை தடவை ஃபோர்க் செய்தாலும் பிள்ளைகள் அதே கூட்டத்திலேயே பிறக்கும். 2010இல் லென்னார்ட் போட்டரிங், கே சீவர்ஸ் இருவரும் சிஸ்டம்டியை அறிவித்தபோது, ஒவ்வொரு சேவையையும் அதற்கென ஒரு சிகுரூப்பில் வைத்தார்கள். 2015இல் டெபியன் 8 வந்தபோது அதன் இயல்பான இனிட்டும் சிஸ்டம்டியாகிவிட்டது. அதனால்தான் இன்றைக்கு ‘சிஸ்டம்டி-சிஜிஎல்எஸ்’ என்று தட்டினால் யார் யாருடைய வீட்டுப் பிள்ளை என்று ஒரு மரமே திரையில் விரிகிறது. முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் அசந்துபோவார்கள், அவ்வளவு அழகு!

மிச்சத்தை விடலாமா, வெட்டலாமா என்பதற்கு உலக அளவில் ஒரு சண்டையே நடந்திருக்கிறது. 2016 மே மாதம் வந்த சிஸ்டம்டி 230, ஒருவர் லாக்-அவுட் செய்ததும் அவருடைய எல்லாப் புராசஸையும் நிறுத்துவதை இயல்பாக்கியது. ஸ்கிரீன், டிமக்ஸ் போன்றவற்றில் நீண்ட வேலையை ஓடவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் கொதித்துவிட்டார்கள். டெபியன் அந்த இயல்பைத் தன் பக்கத்தில் மாற்றிவைத்துக்கொண்டது. வேண்டுமென்றே விட்டதும் மறந்து விட்டதும் மெஷினின் கண்ணுக்கு ஒன்றுதான் என்பதால், இந்தச் சண்டைக்கு எல்லாருக்கும் பொருந்துகிற தீர்ப்பு வரும் என்று நான் நினைக்கவில்லை.

எக்ஸிட்டுக்கு முன்னால் நான் செய்வது இவ்வளவுதான். ‘ஜாப்ஸ்’ என்று தட்டினால் இந்த ஷெல்லில் பின்னணியில் ஓடுபவை தெரியும். ரெஸ்க்யூ.சர்வீஸின் ஸ்டேட்டஸைக் கேட்டால், தானாகக் கழன்றுகொண்டவையும் சேர்த்து வரும். ‘எஸ்எஸ்’ கட்டளையில் எந்தப் போர்ட்டை யார் பிடித்திருக்கிறார்கள் என்று தெரியும். டிஸ்க்கைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே ஓடிக்கொண்டிருந்தால் அது முடிகிறவரை விசைப்பலகையைத் தொடவே கூடாது. டிஸ்க்கைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போதே மற்றவர்கள் அதில் எழுத ஆரம்பித்தால் தரவு போய்விடும். பட்டியலில் ‘டி’ என்ற நிலையில் ஒரு புராசஸ் உறைந்து நின்றால், அது டிஸ்க்கின் பதிலுக்காகக் காத்திருக்கிறது. சிக்கில்கூட அதற்கு உடனே எட்டாது. அப்போது கவலைப்பட வேண்டியது புராசஸைப் பற்றி இல்லை, டிஸ்க்கைப் பற்றி. உடனே பேக்கப் எடுங்கள்.

மெஷினை நிறுத்திக் கிளப்புவதில் யாருக்கும் சிரமமில்லை என்றால் எக்ஸிட்டை விட ரீபூட்டே மேல். உபுண்டுவின் மீட்பு மெனுவில் ‘ரெஸ்யூம்’ கொடுத்தால் அதுவே எச்சரிக்கும்: சில கிராஃபிக்ஸ் டிரைவர்கள் இப்படிப் பாதியில் தொடர்ந்தால் வேலை செய்யாது, அப்படியானால் ரீபூட் செய்துகொள்ளுங்கள் என்று. கெர்னல் அதேதான் என்பதால், கிளம்பும்போது அதற்குக் கொடுத்த கட்டளைச் சொற்களும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும்.

படித்ததோடு விடாதீர்கள், செய்து பாருங்கள்! சொந்த வேலை நடக்கிற மெஷினில் வேண்டாம். ஒரு விர்ச்சுவல் மெஷினில் டெபியனைப் போட்டுக்கொள்ளுங்கள். இன்ஸ்டால் செய்கிற திரையே தமிழில் கிடைக்கும். லினக்ஸே புதிதென்றால், 2012 முதல் தமிழில் எழுதிவரும் கணியம் இதழில் அடிப்படையிலிருந்து தொடங்கலாம். மெஷின் தயாரா? ரெஸ்க்யூவுக்குள் போய் ‘ஸ்லீப் 5000’ என்று தட்டி, பின்னால் அண்ட் குறி போட்டு என்டர் அடியுங்கள். ஒன்றும் செய்யாமல் 5000 நொடி தூங்குகிற அப்பாவிப் புராசஸ் அது. இப்போது எக்ஸிட். லாகின் செய்து சிஸ்டம்டி-சிஜிஎல்எஸ் தட்டுங்கள். அந்த மரத்தில், முடிந்துபோன ரெஸ்க்யூ.சர்வீஸின் பெயருக்குக் கீழே, அதே எண்ணோடு ஸ்லீப் தூங்கிக்கொண்டிருக்கும்! ‘சிஸ்டம்சிடிஎல் ரெஸ்க்யூ’ என்று கொடுத்து மறுபடி உள்ளே போங்கள், ஜர்னலைத் திறங்கள். ‘பழைய மிச்சம் ஒன்று கிடக்கிறது’ என்ற அந்த வரி, உங்கள் ஸ்லீப்பின் எண்ணைச் சொல்லிக்கொண்டு நிற்கும். அந்த எண்ணைப் போட்டு ‘கில்’ கொடுங்கள், மறுபடி எக்ஸிட் அடியுங்கள், மரத்தை மறுபடி விரியுங்கள். இந்தத் தடவை ரெஸ்க்யூ.சர்வீஸ் என்ற கிளையே அங்கே இருக்காது.